எரிந்துபோன திக்னஸ் மிஷினும் அதற்குப் பின் வாங்கியதும்: ஒரு தச்சுப் பட்டறையின் நிகழ்வு ஆய்வு

தென்காசி மாவட்டத்தில் நான் பங்குதாரராக இருக்கும் தச்சுப் பட்டறையில் நான்கு பேர் வேலை செய்கிறார்கள். நிலை, கதவு, கட்டில், சாப்பாட்டு மேசை, ஊஞ்சல் பலகை ஆகியவை வழக்கமான வேலைகள். மரம் பெரும்பாலும் செங்கோட்டை மரவாடிகளிலிருந்து வருகிறது. அதில் முக்கால் பங்கு தேக்கும் வேங்கையும், மீதி அயினி, பலா, வேம்பு. பலகையை ஒரே தடிப்புக்குக் கொண்டுவர நாங்கள் வைத்திருந்தது, இருவர் தூக்கி வண்டியில் ஏற்றிவிடக்கூடிய, 12 அங்குல அகலமுள்ள சிறிய திக்னஸ் பிளேனர். வாங்கிப் பதினான்காவது மாதத்தில், ஆவணி முகூர்த்தத்துக்குக் கொடுக்கவேண்டிய ஒரு வீட்டின் நிலைகளை இழைத்துக்கொண்டிருந்தபோது, அது புகைந்து நின்றது. அதற்குப் பதிலாக எதை வாங்குவது என்று முடிவெடுக்க எங்களுக்கு இரண்டு மாதம் ஆயிற்று. அந்த இரண்டு மாதத்தில் பார்த்தவை, அளந்தவை, வாங்கிய இயந்திரம் அடுத்த பதினெட்டு மாதத்தில் நடந்துகொண்ட விதம் ஆகியவற்றை இங்கே எழுதி வைக்கிறேன். கடினமரம் இழைக்கும் சிறு பட்டறைக்காரர்களுக்கு இது பயன்படலாம்.

எரிந்த இயந்திரத்தைத் திறந்து பார்த்தல்

புதியதை வாங்கும் பேச்சை எடுக்கும் முன் பழையது எதனால் போயிற்று என்று பார்த்துவிடுவோம் என்று நான் பிடிவாதமாக இருந்தேன். பங்குதாரருக்கு அது வீண் வேலையாகத் தோன்றியது. ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, பட்டறை வாசலில் சாக்கை விரித்து, மேல்மூடியையும் மோட்டார் உறையையும் கழற்றினோம்.

மோட்டாரின் காற்றுத் துளைகளில் பாதிக்கு மேல் தேக்குச் சீவலும் தூளும் பிசினோடு சேர்ந்து கெட்டித்து அடைத்திருந்தன. திருப்புளியின் முனையால் குத்தித்தான் எடுக்க முடிந்தது. மோட்டாருக்குள் சுழலும் ஆர்மேச்சரின் செம்புப் பட்டைகள் கருத்திருந்தன, இரண்டு பட்டைகள் தூக்கிக்கொண்டு நின்றன. அந்தப் பட்டைகளை உரசி மின்சாரம் கொடுக்கும் கார்பன்களில் ஒன்று தன் கூட்டுக்குள் சிக்கி, சாய்வாகத் தேய்ந்திருந்தது. கத்திகளை நகைத் தொழிலாளர் வைத்திருப்பது போன்ற கண்ணாடியால் பார்த்தபோது, கூர் இருக்கவேண்டிய இடத்தில் முழு நீளத்துக்கும் ஒரு வெள்ளைக் கோடு ஓடியது. கூர்மையான முனை ஒளியைத் திருப்பாது. கோடு தெரிந்தாலே முனை உருண்டுவிட்டது என்று பொருள். பலகையை இழுக்கும் ரப்பர் ரோலர்கள் கண்ணாடிபோல வழுவழுத்திருந்தன. ஆட்கள் சில மாதங்களாகப் பலகையைக் கையால் தள்ளித்தான் உள்ளே அனுப்பினார்கள் என்பதும் அப்போதுதான் எனக்குத் தெரியவந்தது.

கெடாமல் இருந்தவை எவை என்பதையும் குறித்துக்கொண்டோம். கத்திகளைப் பிடித்துச் சுழலும் கட்டர் பிளாக்கின் பேரிங்குகள் இரண்டும் சத்தமில்லாமல் சுழன்றன. உயரத்தை மாற்றும் தூக்கு திருகுகளில் ஆட்டமில்லை. பலகை ஊர்ந்து செல்லும் படுகை சமமாக இருந்தது. ஆக இயந்திரத்தின் உடல் தேயவே இல்லை, மோட்டார் மட்டும்தான் செத்திருந்தது.

அடுத்து, மரம் வாங்கிய ரசீதுகளை வைத்து ஒரு கணக்குப் போட்டோம். மாதத்துக்குச் சராசரி 150 கன அடி. எல்லாவற்றையும் 1¼ அங்குலத் தடிப்பு, 10 அங்குல அகலம், 7 அடி நீளம் கொண்ட பலகையாகப் பாவித்தால் ஏறத்தாழ 250 பலகை வரும். ஒரு பலகையிலிருந்து இரு பக்கமும் சேர்த்து 6 அல்லது 7 மி.மீ. எடுக்கிறோம். இந்த வகைச் சிறு இயந்திரங்களின் கையேடுகள் அகலப் பலகையில் ஒரு முறைக்கு ஒன்று அல்லது ஒன்றரை மி.மீ. மட்டுமே எடுக்கச் சொல்கின்றன, 3 மி.மீ. என்பது குறுகிய சட்டங்களுக்கு உரிய அளவு. அந்தக் கணக்கில் ஒரு பலகை எட்டு முறை போகவேண்டும். நிமிடத்துக்கு 8 மீட்டர் வேகத்தில் மாதத்துக்கு ஒன்பது மணி நேர ஓட்டம். எங்கள் ஆட்களோ மூன்று நான்கு முறையிலேயே வேலையை முடித்திருக்கிறார்கள். அதாவது மாதம் நாலரை மணி, பதினான்கு மாதத்தில் அறுபத்துச் சொச்சம் மணி நேரம்.

பதினான்கு மாதம் உழைத்தது என்று நாங்கள் சொல்லிக்கொண்டிருந்த இயந்திரம் அறுபது மணி நேர ஓட்டத்தில் எரிந்திருக்கிறது. இதைக் கணக்கிட்டுப் பார்த்த அன்று பட்டறையில் யாரும் அதிகம் பேசவில்லை.

எட்டு அங்குல வேங்கைப் பலகையில் ஒரு நூல், அதாவது 3 மி.மீ., ஒரே முறையில் எடுத்தால் நிமிடத்துக்கு ஏறத்தாழ ஐந்து லிட்டர் கெட்டி மரத்தைக் கத்தி வெட்டித் தள்ள வேண்டும். கையேட்டின்படி 10 அங்குலப் பலகையில் ஒரு மி.மீ. எடுத்தால் அது இரண்டு லிட்டர்தான். தேக்கு கன மீட்டருக்கு 650 கிலோ அளவில் இருக்க, வேங்கை 800 கிலோவை ஒட்டி நிற்கும். இழையும் முறுக்கிப் போகும். தேக்கு வெட்ட மென்மையாகத் தோன்றினாலும் அதற்குள் இருக்கும் சிலிக்கா கத்தியை மணல் தேய்ப்பதுபோலத் தேய்த்துவிடும். மழுங்கிய கத்தி, இரட்டிப்புக்கு மேலான ஆழம், அடைத்த காற்றுத் துளை ஆகிய மூன்றோடு மின்னழுத்தமும் சேர்ந்துகொண்டது. மாலை நேரத்தில் மீட்டர் பலகையில் 212 வோல்ட் இருந்தது. 30 மீட்டர் நீள, 1.5 சதுர மி.மீ. வயரின் மறுமுனையில், சுமையோடு, 204. கார்பன் வைத்த மோட்டாரில் அழுத்தம் குறைந்து சுமை ஏறினால் வேகம் சட்டென்று விழும். அதே தண்டில் இருக்கும் விசிறியின் வேகமும் கூடவே விழும். சூடு அதிகம் பிறக்கும் நேரத்தில் காற்றுக் குறைகிறது என்பதுதான் அதன் விளைவு.

எங்களோடு வேலை செய்யும் மூத்த ஆசாரி இதையெல்லாம் கேட்டுவிட்டு, "இதுக்கு ஏன் தம்பி இவ்வளவு கணக்கு? சத்தத்தக் கேட்டாப் போதும். கத்துனா கத்தி மொட்டை, மொனகுனா ஆழம் ஜாஸ்தி" என்றார். அவர் சொன்னது சரிதான். ஆனால் அந்தச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டே பதினான்கு மாதம் ஓட்டியவர்களில் அவரும் ஒருவர்.

கேள்வியை மாற்றிக் கேட்டல்

இந்தப் பரிசோதனைக்கு முன் எங்கள் கேள்வி, எந்த இயந்திரம் அதிக எச்.பி. உடையது என்பதாக இருந்தது. பரிசோதனைக்குப் பின், எங்கள் ஆட்கள் செய்யக்கூடிய தவறுகளை எந்த இயந்திரம் பொறுத்துக்கொள்ளும், பொறுக்காமல் நின்றால் தென்காசிக்குள்ளேயே எதை வைத்து அதைத் திரும்ப ஓட்டலாம் என்று கேட்கத் தொடங்கினோம். ஒரு பாகத்துக்காக மூன்று வாரம் காத்திருக்கும் இயந்திரம், அந்த மூன்று வாரமும் இல்லாத இயந்திரம்தான். முகூர்த்த நாள் நமக்காகத் தள்ளிப்போகாது.

மோட்டாரின் பெயர்ப்பலகையைப் படிக்கவும் அப்போதுதான் கற்றோம். கையடக்க இயந்திரத்தில் 1,600 வாட் என்று எழுதியிருந்தால் அது மின்கம்பியிலிருந்து உள்ளே இழுக்கும் திறன். தண்டில் கிடைப்பது அதைவிடக் குறைவு. திரீ பேஸ் இண்டக்‌ஷன் மோட்டாரில் 2.2 கிலோவாட், அதாவது 3 எச்.பி., என்று எழுதியிருந்தால் அது தண்டில் வெளியே வரும் திறன். பெயர்ப்பலகையில் எஸ்1 என்றும் இருந்தால், அந்தச் சுமையை இடைவிடாமல் எடுத்துக்கொண்டே ஓடலாம் என்று பொருள். ஒன்று வரவு, மற்றொன்று செலவு போக மிச்சம். இரண்டையும் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டதுதான் முதல் இயந்திரத்தை வாங்கியபோது நாங்கள் செய்த பிழை.

மூன்று வழிகள் எங்கள் முன் இருந்தன. அதே வகையில் இன்னொரு கையடக்க இயந்திரம் வாங்குவது முதல் வழி. அதன் விலையை ஒன்று என்று வைத்துக்கொண்டால், நம் நாட்டில் வார்ப்பிரும்பில் செய்யப்படும் 13 அங்குல, திரீ பேஸ், நேர்க்கத்தி இயந்திரம் இரண்டு மடங்கு வந்தது. எஃகைவிடக் கடினமான கார்பைடால் ஆன சிறு சதுரத் தகடுகளைச் சுருள் வரிசையில் பதித்த கட்டர் பிளாக்குடன் வரும் இறக்குமதி இயந்திரம் ஆறு மடங்குக்கும் மேல். பலகையின் ஒரு முகத்தை நேராக்கும் சர்ஃபேஸ் பிளேனர், திக்னஸ் இரண்டையும் ஒன்றாக்கிய கம்பைண்டு மிஷினையும் பார்த்தோம், ஆனால் எங்களிடம் சர்ஃபேஸ் பிளேனர் தனியாக இருப்பதால் அதை விட்டுவிட்டோம். சர்ஃபேஸ் பிளேனர் இல்லாதவர்கள் அதை விடக்கூடாது: வளைந்த பலகையைத் திக்னஸ் மிஷினில் விட்டால் ரோலர் அதை அமுக்கி நேராக்கி இழைக்கும், வெளியே வந்ததும் பலகை மறுபடி வளைந்துகொள்ளும். தடிப்பு சமமாகும், பலகை நேராகாது.

கையடக்க இயந்திரத்தைக் குறைசொல்ல நான் வரவில்லை. மாதம் இருபது கன அடி இழைப்பவருக்கும், வேலைத்தளத்துக்கு எடுத்துச் செல்பவருக்கும் அதுவே போதும். அதில் வரும் பரப்பு நன்றாகவே இருக்கும்; 8,000 சுற்றில் இரண்டு கத்தி என்றால் நிமிடத்துக்கு 16,000 வெட்டு, 8 மீட்டர் வேகத்தில் அரை மி.மீ.க்கு ஒரு வெட்டு. நாங்கள் கடைசியில் வாங்கிய கனமான இயந்திரத்தில் இது 0.4 மி.மீ. கண்ணுக்குப் பெரிய வேறுபாடு தெரியாது.

உண்மையான இழுபறி இரண்டாவதற்கும் மூன்றாவதற்கும் இடையில்தான் இருந்தது. சுருள் கட்டர் பிளாக்கின் நன்மைகள் கண்கூடானவை. ஒவ்வொரு தகட்டுக்கும் நான்கு முனைகள். ஒன்று மழுங்கினால் கால் சுற்றுத் திருப்பிக்கொள்ளலாம். வெட்டு சாய்வாக விழுவதால் முறுக்கிழை மரத்தில் இழை பிய்ந்து வருவது வெகுவாகக் குறைகிறது, சத்தமும் பாதியாகிவிட்டது போலக் காதுக்குத் தோன்றும். தேக்கின் சிலிக்காவைச் சாதாரணக் கத்தி எஃகைவிடக் கார்பைடு பல மடங்கு தாங்கும். ஆணி பட்டால் சேதமான இரண்டு மூன்று தகடுகளை மட்டும் திருப்பினால் போதும். நேர்க்கத்தியில் ஆணி பட்டால் பலகை முழுவதும் ஒரு வரி மேடாக எழும்பும். மூன்று கத்தியையும் கழற்றிச் சாணை பிடிக்கவேண்டும்.

எதிர்ப்பக்கமும் உண்டு. தகடுகள் எப்போதும் ஏதோ ஓர் இடத்தில் மரத்தைத் தொட்டுக்கொண்டே இருப்பதால் மோட்டாரின் மீது சுமை கூடுதல், 3 எச்.பி.யில் ஓடவேண்டியது 4, 5 எச்.பி. கேட்கும். தகட்டைத் திருப்பும்போது அதன் இருக்கையில் ஒரு தூள் தங்கினாலும் தகடு உயர்ந்து உட்கார்ந்து கோடு போடும், இறுக்கும்போது விரிசலும் விடலாம்; குறித்த முறுக்கு விசையில் இறுக்கும் ஸ்பேனர் கட்டாயம் வேண்டும். எங்கள் பட்டறையில் திருகு என்றால் 'கை வலிக்கும்வரை' இறுக்குவதுதான் வழக்கம். விற்பனையாளரிடம் கேட்டபோது, தகடுகளும் திருகுகளும் வெளியூரிலிருந்து வரவழைக்கவேண்டும், கியர்ப்பெட்டியின் பாகம் என்றால் எத்தனை நாள் என்று சொல்ல முடியாது என்றார். அந்த நேர்மைக்காக அவரைப் பாராட்டவேண்டும். எங்கள் முடிவில் பாதி அந்த ஒரு பதிலால் வந்தது.

மரத்தோடு போய்ச் சோதித்தது

வார்ப்பிரும்பு இயந்திரத்தை விற்பவர் காட்டும் மென்மரத் துண்டில் ஓட்டிப் பார்த்து ஏமாறக்கூடாது என்று, எங்கள் மரத்தையே வண்டியில் ஏற்றிக்கொண்டு போனோம்: 10 அங்குலத் தேக்கு ஒன்று, 9 அங்குல வேங்கை ஒன்று, இழை முறுக்கிய வேம்பு ஒன்று. கூடவே தடிப்பை அளக்கும் வெர்னியர், இடைவெளியை அளக்கும் மெல்லிய தகடுகளான பீலர் கேஜ், ஒரு நேர்விளிம்புக் கம்பி, கம்பியைச் சுற்றிப் பிடித்து ஆம்பியர் காட்டும் இடுக்கி மீட்டர்.

முதலில் மின்சாரம் போடாமலே படுகையைப் பார்த்தோம். நேர்விளிம்பைக் குறுக்கும் மூலைவிட்டமுமாக வைத்தால் 0.1 மி.மீ. தகடு அடியில் நுழையக்கூடாது. படுகையின் நான்கு மூலைகளையும் கையால் அழுத்தித் தூக்கினோம். ஒரு மூலையில் 'டக்' என்று ஆட்டம் தெரிந்தது, பக்கத் திருகை இறுக்கியதும் போயிற்று. திருகினால் போகாத ஆட்டமாக இருந்திருந்தால் அங்கேயே திரும்பியிருப்போம். பலகை பின்னோக்கி எகிறாமல் தடுக்கும் இரும்பு விரல்களை ஒவ்வொன்றாகத் தூக்கி விட்டுப் பார்த்தோம். ஒவ்வொன்றும் தன் எடையிலேயே தடையின்றி விழவேண்டும். பெயிண்ட் ஒட்டி இரண்டு விரல்கள் நின்றுகொண்டன. இதைப் பார்க்காமல் வாங்கிப் போகிறவர்கள் எத்தனை பேரோ என்று நினைத்துக்கொண்டேன், ஏனென்றால் வயிற்றுக்கு நேரே பாயும் பலகையைத் தடுக்க அந்த விரல்களைத் தவிர வேறொன்றும் அங்கே இல்லை.

அடுத்து பேரிங்கின் எண்ணைக் கேட்டோம். கட்டர் பிளாக்கில் 6206, ரோலர் பக்கம் 6205. இரண்டும் பம்ப் மோட்டார்களிலும் வரும் எண்கள். எந்தச் சிறு ஊரின் பேரிங் கடையிலும் அலமாரியில் இருக்கும். வி பெல்ட் பி வகை. கத்தி, தடிப்பும் நீளமும் பொருந்தினால் யாரிடமிருந்தும் வாங்கக்கூடிய அதிவேக எஃகுப் பட்டை. ரோலரின் தண்டு உட்கார்ந்து சுழலும் புஷ், கன்மெட்டல் என்ற வெண்கல வகை; லேத் பட்டறையில் கடைந்துகொள்ளலாம். நாங்கள் தேடியது இதைத்தான்.

மோட்டாரில் மட்டும் ஒரு சிக்கல் வந்தது. விலைப்புள்ளியில் 3 எச்.பி., 2,880 சுற்று என்று இருந்தது. நிறுத்தியிருந்த இயந்திரத்தின் பெயர்ப்பலகையில் 1,440. மோட்டாரில் 6 அங்குலப் புல்லி, கட்டரில் 3½ அங்குலப் புல்லி என்றால், 2,880 சுற்றுக்குக் கட்டர் ஏறத்தாழ 4,900 சுற்று ஓடும். 1,440 என்றால் பாதிதான். மூன்று கத்தியோடு, நிமிடத்துக்கு 6 மீட்டர் வேகத்தில், 0.4 மி.மீ.க்கு ஒரு வெட்டு விழவேண்டிய இடத்தில் 0.8 மி.மீ. ஆகி, பலகையில் அலை அலையாகத் தெரியும். "ரெண்டும் ஒண்ணுதான் சார்" என்று அங்கிருந்தவர் சொன்னார். புல்லியை அளந்து காட்டியபின் மோட்டாரை மாற்றித் தர ஒத்துக்கொண்டார்கள்.

சரியான மோட்டாருடன் இருந்த இன்னொரு இயந்திரத்தில் எங்கள் பலகைகளை விட்டோம். 10 அங்குலத் தேக்கில் ஒன்றரை மி.மீ. எடுத்தபோது மீட்டர் 3.9 ஆம்பியர் காட்டியது. 3 எச்.பி. மோட்டாரின் முழுச்சுமை 4.7 ஆம்பியருக்கு அருகில் என்பதால் கைவசம் கொஞ்சம் மிச்சம் இருந்தது. வேங்கையில் 4.4. நான்கு மூலைகளிலும் வெர்னியர் வைத்ததில் வேறுபாடு 0.1 மி.மீ.க்குள். பலகையின் கடைசி இரண்டரை அங்குலத்தில் மட்டும் 0.15 மி.மீ. கூடுதலாகக் குழிந்திருந்தது, பலகையின் முனை ஒரு ரோலரை விட்டு விலகி, மற்ற ரோலர் மட்டும் பிடித்திருக்கும் நொடியில் அது மேலே தூக்கிக்கொள்வதால் வரும் பள்ளம் அது. இந்தப் பள்ளம் அறவே விழாத இயந்திரத்தை நான் பார்த்ததில்லை. மூன்றங்குலம் நீளமாக அறுத்து, பின்னால் வெட்டிவிடுவது எல்லாருக்கும் தெரிந்த வழி.

வேம்பில் இழை பிய்ந்தது, அதுவும் மோசமாக. அதை ஒப்புக்கொண்டுதான் வாங்கினோம்.

இறக்கி வைத்த பின்

350 கிலோவை ஒட்டிய இயந்திரத்தை, தரையில் 4 அங்குலக் கான்கிரீட் போட்டு, நான்கு போல்ட்டில் இறுக்கினோம். திரீ பேஸ் இணைப்பு ஏற்கெனவே இருந்தது. ஒரு பேஸ் போனால் மோட்டார் உறுமிக்கொண்டே நின்று உள்ளிருக்கும் கம்பிச் சுருள் கருகிவிடும் என்பதால், ஸ்டார்ட்டரில், சுமை மிஞ்சினால் நிறுத்தும் ஓவர்லோடு ரிலேயுடன் பேஸ் இழப்பைக் கண்டு நிறுத்தும் கருவியும் சேர்த்தோம்; எங்கள் பக்கத்தில் மழைக்காலத்தில் ஒரு பேஸ் போவது செய்தியே அல்ல. முதல் நாள் சுழலும் திசை தலைகீழாக இருந்தது. கத்தியில்லாமல் ஓட்டிப் பார்த்ததால் ஒன்றும் ஆகவில்லை.

ஆழத்தைக் கட்டுப்படுத்த ஒரு சிறு ஏற்பாடு செய்தோம். தூக்கு சக்கரத்தின் ஒரு முழுச் சுற்றுக்குப் படுகை 3 மி.மீ. ஏறும், அரைச் சுற்றில் ஒரு சிவப்புக் கோடு வரைந்து, அகலப் பலகைக்கு அந்தக் கோட்டைத் தாண்டக்கூடாது என்று சொல்லிவிட்டோம். நூல் கணக்கில் பழகிய கைகளுக்கு மி.மீ. சொல்வதைவிட இந்தக் கோடு எளிதாக விளங்கியது.

முதல் மாதமே கட்டர் பக்கத்துப் பேரிங் சூடேறியது. கை வைத்தால் மூன்று நொடிக்கு மேல் தாங்கவில்லை. விற்றவரைத் திட்டிக்கொண்டே பார்த்ததில், வழுக்கக்கூடாது என்று எங்கள் ஆளே பெல்ட்டை நாண்போல இழுத்துக் கட்டியிருந்தார். தளர்த்தியதும் சூடு அடங்கியது.

சாணை பிடிக்கும் வேலைதான் எதிர்பார்த்ததைவிடக் கவனம் கேட்டது. மூன்று கத்திகளும் ஒரே எடையில் இல்லாவிட்டால் 4,900 சுற்றில் அந்தச் சில கிராம் வேறுபாடே இயந்திரத்தை அதிர வைக்கும், பேரிங்கையும் கெடுக்கும். முதல் முறை சாணை பிடித்து வந்த கத்திகளைப் பக்கத்து நகைக்கடைத் தராசில் வைத்தோம். ஒன்று மற்ற இரண்டைவிட 4 கிராம் குறைவு. கடைக்காரர் தட்டில் விரித்த துணியைப் பார்த்து, "இதுக்குக் கூலி சேதாரம் எல்லாம் உண்டா அண்ணே?" என்று கேட்டார். கனமான இரண்டையும் முதுகுப் பக்கம் தேய்த்துச் சமமாக்கினோம். கத்தியின் உயரத்தை டயல் கேஜ் வைத்து 0.05 மி.மீ.க்குள் பொருத்துகிறோம், அதற்கு முக்கால் மணி நேரம் பிடிக்கிறது. தேக்கு அதிகம் ஓடும் மாதங்களில் இது மூன்று வாரத்துக்கு ஒரு முறை.

வேம்பிலும் வேங்கையிலும் இழை பிய்வதற்கு, ஒரு செட் கத்திக்கு முகப்பக்கத்தில் 12 டிகிரியில் ஒரு குறுஞ்சரிவு கொடுத்து வைத்தோம். கத்தி மரத்தை அடியில் நெம்பித் தூக்குவதற்குப் பதிலாக நிமிர்ந்து நின்று சுரண்டுவதால் இழை பெயர்வது குறைந்தது. மோட்டார் கூடுதலாக உழைக்கிறது, அதே வேங்கையில் அதே ஆழத்துக்கு ஆம்பியர் ஏறத்தாழ அரை கூடிற்று. அதனால் அந்தச் செட்டில் அரை மி.மீ.க்கு மேல் எடுப்பதில்லை. முடிக்கும் முன் ஈரத்துணியால் பலகையை ஒருமுறை துடைத்து விடுவதும் உதவுகிறது. அப்படியும் முடிச்சைச் சுற்றிப் பிய்வது நிற்கவில்லை. அங்கே கை இழைப்புளிதான்.

தூசி பற்றி இரண்டு வரி. உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 1995இல் வெளியிட்ட 62ஆம் தொகுதியில் மரத்தூளை மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் பொருள்களின் வரிசையில் வைத்திருக்கிறது. மூக்கின் உட்பகுதிதான் முதன்மையாகப் பாதிக்கப்படும் இடம். சீவல் உறிஞ்சும் பை வைத்த விசிறியை நாங்கள் அதற்காக வாங்கியிருக்கவேண்டும்; உண்மையைச் சொன்னால், வெளியேறாத சீவல் ரோலரில் அமுங்கிப் பலகையில் புள்ளி போடுவதைப் பார்த்துத்தான் வாங்கினோம்.

பதினெட்டு மாதக் கணக்கு

பெல்ட் ஒரு முறை மாற்றியிருக்கிறோம். ரோலரை இழுக்கும் சங்கிலி நீண்டுபோனதால் ஒரு கண்ணியைக் கழற்றினோம். ஒரு பேரிங் சத்தம் கொடுத்தது. காலை பத்து மணிக்குக் கழற்றி, கடையில் வாங்கி, மதியச் சாப்பாட்டுக்கு முன் மறுபடி ஓட்டிவிட்டோம். ஒரு செட் கத்தி சாணை பிடித்துப் பிடித்து அகலம் குறைந்து, பிடிக்கும் தகட்டுக்குள் போதிய அளவு நிற்காததால் குப்பைக்குப் போயிற்று. இரண்டு முறை ஓவர்லோடு ரிலே தட்டி நின்றது, இரண்டும் சிவப்புக் கோட்டைத் தாண்டிய நாட்கள். பழைய இயந்திரத்தில் அந்த இரண்டு நாட்களும் புகையாக முடிந்திருக்கும்.

நிமிடத்துக்கு எடுக்கும் மரத்தை மட்டும் பார்த்தால், 10 அங்குலப் பலகையில் ஒன்றரை மி.மீ., 6 மீட்டர் வேகம் என்று இது 2.3 லிட்டர்தான், கையேட்டின்படி ஓட்டிய சிறு இயந்திரத்தைவிடப் பெரிதாக ஒன்றும் வேகமில்லை. ஆனால் காலை ஒன்பதுக்கு எடுத்த அளவையே மாலை ஐந்துக்கும் எடுக்கிறது.

எங்கள் முடிவை அப்படியே எல்லாருக்கும் சொல்ல முடியாது. காரைக்குடிப் பக்கம் பழைய வீடுகளிலிருந்து கழற்றிய பர்மா தேக்கை மறுபடி இழைப்பவர்களுக்கு, ஆணியும் சுண்ணாம்பும் மண்ணும் அன்றாடப் பிரச்சினை என்பதால், விலை அதிகமானாலும் சுருள் கட்டர் பிளாக்தான் பொருந்தும் என்பது என் கருத்து. அப்போதும் உலோகம் காட்டும் கருவியால் பலகையைத் தடவிவிட்டுத்தான் உள்ளே விடவேண்டும். நாங்களும் அந்தக் கதவை மூடிவிடவில்லை. இப்போதைய இயந்திரத்தின் கட்டர் பிளாக், பேரிங் கூடுகளோடு நான்கு போல்ட்டில் கழன்று வரும்படி இருப்பதை வாங்கும்போதே பார்த்துவைத்தோம். தண்டின் விட்டத்தையும் நீளத்தையும் அளந்து, இயந்திரத்துக்குப் பின்னால் உள்ள சுவரில் பெயிண்டில் எழுதியிருக்கிறோம். வேங்கை மேசை வேலை இன்னும் கூடினால், 5 எச்.பி. மோட்டாரோடு சேர்த்து அதை மாற்றலாம் என்ற பேச்சு இருக்கிறது. ஆசாரிக்கு அதில் விருப்பமில்லை. சத்தம் போடாத கட்டர் பிளாக்கை வைத்துக்கொண்டு கத்தி மொட்டையானதை எப்படிக் கண்டுபிடிப்பது என்று கேட்கிறார்.

எரிந்த சிறு இயந்திரத்துக்கு ஆர்மேச்சர் மாற்றி, ரோலர் ரப்பரைப் புதுப்பித்தோம். வேலைத்தளத்துக்கு எடுத்துப்போய் மூன்றங்குல ரீப்பர்ச் சட்டங்களை இழைக்க அது இப்போது பயன்படுகிறது. 4 சதுர மி.மீ. வயரில், ஒரு மி.மீ. ஆழத்தில், ஒவ்வொரு சனிக்கிழமையும் காற்றுத் துளையை ஊதிவிட்டு ஓட்டுகிறோம். கார்பன் இன்னும் பாதிகூடத் தேயவில்லை.